கொடுக்கனூர் ராஜாவின் முன் டீரெய்லர்

கொடுக்கனூர் ராஜ்ஜியம் சின்னது. ராஜாவின் பட்டப்பெயர்தான் பெரியது. கட்டியக்காரன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இந்த எல்லையிலிருந்து அந்த எல்லைக்கு நடந்தே போய்விடலாம். நமக்குக் கண்டீரவ ராஜா என்றாலே போதும். அவருக்கு யானையும் பல்லக்கும் அலுத்துப்போய், சைக்கிள் ஒன்று கட்ட ஆணையிட்டார். ராஜா காலத்தில் சைக்கிள் ஏது என்று கேட்கிறவர்கள் அவர் முகத்துக்கு நேரே கேட்டுப் பார்க்கட்டும்.

மணி, சீட்டு, ஹேண்டில்பார் எல்லாம் சபை கூடி முடிவாயிற்று. ஏரிக்கரை உடைந்து கிடந்தது. அதற்குச் சபை கூட நேரமில்லை. மிச்சம் முன் டீரெய்லர்தான். பெடல் பக்கத்தில் சின்னதும் பெரியதுமாக இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும். கம்பியை இழுத்தால் சங்கிலியைச் சின்னதிலிருந்து பெரியதற்குத் தள்ளிவிடுகிற சாமான் அது. பெரியதில் விழுந்தால் வண்டி பறக்கும்.

மந்திரி தண்டபாணிக்கு ஒரு யோசனை தோன்றியது. நாட்டுக்கு உதவுகிற யோசனை இல்லை, பயப்படாதீர்கள். அரசவை விகடன் செவ்வந்தியப்பனை ஒழித்துக்கட்டுகிற யோசனை.

"மன்னா, டீரெய்லரில் பல வகை உண்டு. சரியானதைத் தேர்ந்தெடுக்கச் செவ்வந்தியப்பரைவிடப் புத்திசாலி யார் இருக்கிறார்?" என்றார் மந்திரி, தேன் ஒழுக.

"சரி. நாளைக் காலைக்குள் வகையைச் சொல். இல்லையென்றால் நாடு கடத்துவேன்," என்றார் ராஜா, விகடனைப் பார்த்து. அவருக்கு நாடு கடத்துவது சுலபம். எல்லை பக்கத்திலேயே இருந்தது.

செவ்வந்தியப்பன் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தான். சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் ராஜமுத்திரையான மயில் வரைந்திருந்தது. பட்டை வகை டீரெய்லர் குழாயைச் சுற்றி இறுக்கும். அதாவது ராஜமயிலின் கழுத்தை நெரிக்கும். பற்றவைக்கும் வகைக்கு நெருப்பு வேண்டும், மயில் கருகும். மூன்றாவது வகையைப் பெடல் அச்சைக் கழற்றித்தான் மாட்ட முடியும். அச்சுக்கோ சாந்தி பூஜை முடிந்துவிட்டது, இனி அதைக் கழற்றினால் அபசாரம். எதைச் சொன்னாலும் ராஜத்துரோகம். ஒன்றும் வேண்டாம் என்றால் ஆணையை மீறியதாகும்.

வீட்டில் சொன்னான். மனைவி பூங்கோதை முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"நாடு கடத்துனா நீங்க மட்டும் போயிட்டு வாங்க. இப்பத்தான் அவரைப் பந்தல் போட்டிருக்கேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னது நியாயம். அவனுக்கும் இந்த ஊரை விட்டால் போக்கிடம் கிடையாது. தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான். அப்போதுதான் அவனுக்கு மொக்கையன் ஞாபகம் வந்தான். உடனே கொல்லன் பட்டறைக்கு ஓடினான்.

மொக்கையன் ராஜாவுக்குக் குடை பிடிக்கிறவன். அரண்மனையை விட்டு வெளியே வந்தால் வெண்கொற்றக் குடையின் நிழல் ராஜா தலையை விட்டு நகரக்கூடாது என்பது கொடுக்கனூர் வழக்கம். மொக்கையனுக்கோ ஓடு என்ற சொல்லைக் கேட்டாலே முட்டி வீங்கிவிடும்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. மந்திரி வழியனுப்பும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வகை?" என்றார் ராஜா.

"பட்டை வகை, மன்னா."

"மயிலின் கழுத்தை நெரிக்கிறான்!" மந்திரி துள்ளி எழுந்தார்.

"மயிலை யார் தொட்டது? டீரெய்லர் எதற்கு? வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும். மன்னர் எவ்வளவு வேகம் போகலாம் என்பதை முடிவு செய்வது சக்கரமா? குடை எவ்வளவு வேகம் வருகிறதோ அவ்வளவுதான். அதனால் டீரெய்லரைக் குடை பிடிக்கிறவர் இடுப்பில் மாட்ட வேண்டும். பட்டையைப் பெரிதாக அடித்து வாங்கி வந்திருக்கிறேன்."

சபை மொக்கையனைப் பார்த்தது. அவன் அதற்குள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ பாவம்," என்றான் செவ்வந்தியப்பன். "குடைக்காரனுக்கு உடம்பு சரியில்லாத நாளில் குடை பிடிப்பது மந்திரியின் தனி உரிமை. போன பட்டாபிஷேகத்தில் அந்த உரிமைக்காக மந்திரி சேனாதிபதியோடு சண்டையே போட்டார்."

மந்திரி குடையை வாங்கிக்கொண்டார். பட்டை அவர் இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. கம்பியின் மறுமுனை ராஜாவின் கைக்குப் போனது. சங்கிலியைச் செவ்வந்தியப்பன் கையாலேயே பெரிய சக்கரத்தில் மாட்டிவிட்டான்.

ராஜா கிளம்பினார். ஆசையாகக் கம்பியை இழுத்தார். சங்கிலியைத் தள்ள வேண்டிய தகடு மந்திரியின் விலாவில் குத்தியது. மந்திரி குடையோடு ஓடினார். ராஜாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"அருமையான டீரெய்லர்! தொட்டதும் வேலை செய்கிறது!" என்று மறுபடி இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

தேரடி தாண்டவில்லை. மந்திரியின் தலைப்பாகை ஒரு பக்கம், அங்கவஸ்திரம் ஒரு பக்கம்.

"மன்னா! பெரிய சக்கரம்... வேண்டாம்... கழற்றி எறிந்துவிடலாம்!"

"ஏன்?"

"வேகம்... திருடனுக்குத்தான். ராஜ நடைக்குச் சின்னச் சக்கரம்... ஒன்றே போதும்!"

ராஜா பிரேக் பிடித்து யோசித்தார். "பேஷ்! அப்படியே செய்வோம். ஆனால் முன் டீரெய்லருக்கு எந்த வகை?"

"ஒற்றைச் சக்கரத்துக்கு எதற்கு மன்னா டீரெய்லர்! சங்கிலி எங்கே தாவப் போகிறது?" மந்திரி கிட்டத்தட்ட அழுதார்.

பின்னாலேயே நிதானமாக நடந்துவந்த செவ்வந்தியப்பன் கைகட்டி நின்றான்.

"நீ என்ன சொல்கிறாய்?" என்றார் ராஜா.

"முதலிலேயே எனக்கும் இதுதான் தோன்றியது, மன்னா. நான் வேண்டாம் என்றிருந்தால் நாடு கடத்தியிருப்பீர்கள். மந்திரி சொன்னால் பேஷ் என்பீர்கள். அதனால்தான் அவரைச் சொல்லவைத்தேன். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டது, அவ்வளவுதான்."

ராஜா சைக்கிள் சாயச் சாயச் சிரித்தார். செவ்வந்தியப்பனுக்குப் பட்டுச் சால்வையும் அந்த டீரெய்லரும் பரிசு. பூங்கோதை அதை அவரைப் பந்தலில் கட்டிவிட்டாள். கொடி நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து மொக்கையனுக்கு லேசாக முட்டி வலித்தாலும் போதும், வைத்தியரைக் கையோடு இழுத்துக்கொண்டு முதல் ஆளாக ஓடி வருகிறவர் மந்திரி தண்டபாணிதான்.