செயப்படுபொருள்

"செங்கமலமா? அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

ஆசிரம அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த செங்கமலத்தின் காதில் அது விழுந்தது. சொன்னவர் மேனேஜர் வைத்தியலிங்கம்.

யாரோ நன்கொடையாளரின் மச்சினன் தியானம் பழக வந்திருக்கிறாராம். அவருக்கு அவளுடைய அறை. அவளுக்கு மறுபடியும் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாய்.

மாமியார் வீட்டிலும் மகன் வீட்டிலும் கூடத்திலேயே படுத்தவள். உள்ளே தாழ் போட்டுக்கொள்ள அவளுக்கென்று முதன்முதலாகக் கிடைத்த அறை அது.

ஈரக் கையோடு மாதாஜியிடம் போய் நின்றாள். மாதாஜி அவளைவிட வயதில் சிறியவர். துறவுக்கு முன் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தியவர்.

"அட்ஜஸ்ட்னா என்ன அர்த்தம் மாதாஜி?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? பஸ்ல சொல்றாங்க. மருமக சொல்றா. சாம்பார்ல உப்பு இல்லன்னாலும் அதான், புருஷன் அடிச்சாலும் அதான். இங்க வந்தும் அதே இழவா?" ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "போன தடவை என் ரூமைக் காலி பண்ணச் சொன்னப்போ நீங்களும்தான் சொன்னீங்க."

மாதாஜி "உக்காருங்க" என்று மேஜை ஃபேனைப் போட்டார். அது சுவரைப் பார்த்துச் சுழன்றது.

செங்கமலத்துக்கு வியர்த்து ஊற்றியது. கொஞ்சம் பொறுத்தாள். பிறகு எழுந்துபோய், ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"அங்க ஏன் போனீங்க?"

"காத்து இங்கதானே வருது?"

"ஃபேனுக்குக் கழுத்து திரும்பும்."

செங்கமலம் ஃபேனைப் பார்த்தாள். சுருக்கென்றது.

"கிளாஸ்ல பொண்ணுங்க அட்ஜஸ்ட்னு எழுதினா, எதைன்னு கேப்பேன்" என்றார் மாதாஜி. "ஃபேனையா, கண்ணாடியையா, கடிகாரத்தையா? எதையாவது சொல்லணும். நம்ம ஊர்ல யாரும் எதைன்னு சொல்றதில்ல. போன தடவை நானும் சொல்லல."

"சொல்லாம விட்டா?"

"அதைக் காதுல வாங்கறவங்கதான் செயப்படுபொருள்."

செங்கமலம் இடுக்கிலிருந்து வெளியே வந்தாள். ஃபேனின் கழுத்தைத் திருப்பிவிட்டு நடந்தாள்.

அவளுடைய கட்டிலில் ஒரு பெரிய சூட்கேஸ் ஏறியிருந்தது. அவளுடைய துணிமூட்டை வராந்தாவில் கிடந்தது. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டுபோய் மேனேஜருடைய அறையில், அவருடைய கட்டில்மேல் வைத்தாள்.

"என்னம்மா இது?" என்று வைத்தியலிங்கம் பின்னாலேயே ஓடிவந்தார்.

அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.