மயில்கழுத்து மையும் மந்திரியின் வெள்ளைக் கையும்

கப்பல்காரன் எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் ஊரே வாயைப் பிளந்த காலத்தில், வேங்கைநாட்டை விசயகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், உடும்புப்பிடி.

அவனுக்கு ஒரு கப்பல் வியாபாரி பேனா ஒன்றைக் காணிக்கை வைத்தான். வயிற்றுக்குள்ளேயே மையை வைத்துக்கொண்டு எழுதும் பேனா. கூடவே ஜாடி ஜாடியாக மை. அடடா, அது என்ன நிறம்! மயிலின் கழுத்தைப் பிழிந்து எடுத்த மாதிரி நீலம். ஆனால் மகா பொல்லாத மை. காலையில் எழுதியது பொழுது சாய்ந்தாலும் காயாது. பேனா வேறு ஒழுகும். கையில் பட்டால் லேசில் போகாது, ஆனால் அந்தக் கை தொட்ட இடத்துக்கெல்லாம் தாராளமாகப் போகும்.

ராஜாவுக்கோ அதன்மேல் உயிர். அரண்மனையில் ஆளுக்கொரு பேனா கொடுத்து, இனி எல்லோரும் இந்த மையில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டான். தளவாய் மதுரநாயகம் இருக்கிறாரே, போர்க்களத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத படைத்தலைவர், அவர் சும்மா இருப்பாரா? கையில் கறை இருப்பதுதான் ராஜவிசுவாசத்துக்கு அடையாளம், மையைக் குறை சொல்கிறவனை நாடு கடத்த வேண்டும் என்று ராஜாவின் காதில் ஓதினார். ராஜா அதற்கும் தலையாட்டினான்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். அந்தச் சபையில் ராஜா பேசும்போது எல்லோரும் வாய் பொத்தி நிற்பது வழக்கம். அதனால் அத்தனை பேர் உதடும் நீலம். ராஜாவுக்கோ கையெழுத்துப் போட்ட கையோடு மீசையை முறுக்கும் பழக்கம். தும்பைப்பூ மாதிரி இருந்த வெள்ளை மீசை நாலே நாளில் நீல மீசை ஆயிற்று. யார் சொல்வது? சொன்னால் மையைக் குறை சொன்னதாக ஆகிவிடும். முகம் பார்க்கக் கேட்டால், கண்ணாடி உடைந்துவிட்டது என்று நாவிதன் கையைப் பிசைந்தான். ராஜா நீல மீசையோடு வீதியுலா போய், ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டதெல்லாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டான்.

மந்திரி உலகளந்தார் மட்டும் தினமும் வீட்டுக்குப் போனதும் எலுமிச்சையும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவிவிடுவார். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருடைய பதவியின்மேல் தளவாய்க்கு ரொம்ப நாளாகக் கண். ஒருநாள் சபை கூடியதும் பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா, மந்திரியின் கையைப் பாருங்கள். தாங்கள் கொடுத்த நிறத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் பல்லெல்லாம் தெரிய இளித்தார்.

ராஜாவின் முகம் சுண்டிவிட்டது. "உலகளந்தாரே, நாளைக் காலை இந்த மையைப் பற்றிச் சபையில் பேசும். ஒரு சொல் குறை வந்தாலும் நாட்டைவிட்டுப் போக வேண்டும். என்னைக் குளிர்விக்க ஒரு சொல் பொய் வந்தாலும் அதே கதிதான்."

மந்திரி வீட்டுக்குப் போய் இலையின் முன்னால் உட்கார்ந்தார். சாதத்தைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. இந்த வயதில் மூட்டையைக் கட்டிக்கொண்டு எந்த ஊர் வாசலில் போய் நிற்பது? குறை சொல்லாமல் உண்மை பேச அந்த மையில் என்ன இருக்கிறது? பாழாய்ப்போன தளவாய் எப்படி இளித்தான் பார் என்று மனசுக்குள் திட்டினார். திட்டும்போதே அந்த இளிப்பு கண்முன்னால் வந்தது. அந்தப் பல்! மந்திரி இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொன்னார்.

மறுநாள் சபை கூடியது. மந்திரி எழுந்தார்.

"மகாராஜா, இந்த மையைப் போல ஒரு சாட்சி நம் நாட்டில் கிடையாது. கை போன இடமெல்லாம் போய் உட்கார்ந்துகொண்டு, கை என்ன செய்தது என்று மறைக்காமல் சொல்லும்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். மந்திரி ஒவ்வொருவராகக் காட்டினார். ஜோசியர் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன, சபையில் கன்னத்துக்குக் கைகொடுத்துத் தூங்கினார் என்று அர்த்தம். கணக்கரின் வழுக்கையில் நாலு கோடு, கூட்டல் வராமல் சொறிந்தது. ராஜாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தளவாயைப் பற்றி மை என்ன சொல்கிறது என்று அவனே கேட்டான்.

வாயைத் திறக்கச் சொல்லுங்கள் என்றார் மந்திரி. தளவாய் மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். ராஜா முறைத்ததும் திறந்தார். பல்வரிசை முழுக்க நீலம்.

"வாய் பொத்தி நின்றால் உதட்டில்தான் கறை படும் மகாராஜா. பல்லில் படுவதென்றால், பொங்கி வந்த சிரிப்பை அடக்க விரலைக் கடித்திருக்க வேண்டும்."

"என் முன்னால் நின்றுகொண்டு எதைப் பார்த்துச் சிரித்தான்?"

"அதைத் தளவாயின் வாளே சொல்லும்" என்றார் மந்திரி.

வாளை வாங்கி உருவினார்கள். ஒருநாளும் வேலை செய்யாத வாள் இல்லையா, கண்ணாடி தோற்றுப்போகும் பளபளப்பு. ராஜா அதில் தன் முகத்தைப் பார்த்தான். பழக்கதோஷத்தில் மீசைக்குப் போன கை பாதியில் நின்றது. பிறகு ராஜாவின் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்ததில் கண்ணும் நீலமாயிற்று.

மையைப் பற்றிய உத்தரவுகள் அத்தனையும் அப்போதே ரத்தாயின. இருக்கிற ஜாடியெல்லாம் தீரும்வரை படைக்கணக்கு முழுவதையும் தளவாயே உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவருடைய வாளை, கண்ணாடிக்குப் பதிலாகச் சிம்மாசனத்துக்கு எதிரே மாட்டச் சொன்னான் ராஜா. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். போடும்போது அவர் பல்லை உற்றுப் பார்த்தான். வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"உண்மையைச் சொல்லும். என் மீசையைப் பார்த்து உமக்குச் சிரிப்பே வரவில்லையா?"

மந்திரிதான் பொய் சொல்லாதவர் ஆயிற்றே.

"வந்தது மகாராஜா. தினமும் வீட்டுக்குப் போய், கையைக் கழுவிவிட்டுத்தான் சிரித்தேன்."