மயிலின் படக்கடை

ஆற்றோரக் காடு ஒன்றில் வாரந்தோறும் சந்தை கூடும். அங்கே மைனாவின் கடையில்தான் எப்போதும் கூட்டம். "தேன் இருக்கு, நெல்லிக்காய் இருக்கு, இப்போ பறிச்ச நாவல்பழம் இருக்கு!" என்று மைனா கூவிக்கூவி விற்கும். யார் எதைக் கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லும்.

எதிர்க்கடை மயிலுக்கு வயிறு எரிந்தது. "இத்துனூண்டு பறவை! தோகை உண்டா, நிறம் உண்டா? அதற்குப் போய் இவ்வளவு கூட்டமா?" என்று நாளெல்லாம் அந்தப் பக்கமே முறைத்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மயில் தன் கடையையே மாற்றிவிட்டது. பானைகளை உள்ளே கொண்டுபோய் வைத்து, அவற்றின் வாயை இறுக மூடியது. முன்னால் பெரிய பலகை ஒன்றை நிறுத்தி, ஒவ்வொரு பொருளையும் அதில் அழகழகாக வரைந்தது. "இங்கே கூச்சல் கிடையாது. படத்தைத் தொட்டால் பொருள் வரும்!" என்று தோகையை விரித்துக்கொண்டு சொன்னது.

மைனா வந்து பார்த்தது.

"அழகாகத்தான் இருக்கிறது, மயிலண்ணா. ஆனால் கண் தெரியாதவர்கள் வந்தால் என்ன செய்வார்கள்? தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பினால் கடைக்குப் பூட்டு என்று யானை ராஜா சட்டம் போட்டிருக்கிறாரே! பெயரை வாயாலும் சொல்லிவிடுங்களேன்."

"உன்னைப்போல் என்னையும் கத்தச் சொல்கிறாயா? என் பலகையைக் கண்டு உனக்குப் பொறாமை!"

யாருக்குப் பொறாமை என்று உங்களுக்குத் தெரியும், குழந்தைகளே. மயிலுக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த சந்தைக்குக் கண் தெரியாத மூஞ்சூறு ஒன்று வந்தது.

"மயிலண்ணா, என் குட்டிக்கு ஒரே இருமல். கொஞ்சம் தேன் வேண்டும்."

"படத்தைப் பார்த்துத் தொடு."

மூஞ்சூறு பலகையைத் தடவியது. எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. "எனக்குத் தெரியவில்லையே, அண்ணா. நீங்களே எடுத்துக் கொடுங்களேன்."

"நான் இறங்கி வந்தால் அந்த மைனா சிரிக்கும். பார்க்க முடியாதவர்களுக்கு இங்கே வியாபாரம் இல்லை. போ, போ!"

மூஞ்சூறு அழுதுகொண்டே யானை ராஜாவிடம் போய் முறையிட்டது. ராஜா சந்தைக்கே வந்துவிட்டார்.

"பார்த்து வாங்குவதுதான் என் கடை முறை, ராஜா," என்றது மயில்.

"தொட்டுப் பார்ப்பதும் பார்ப்பதுதானே? கேட்டுப் பார்ப்பதும், முகர்ந்து பார்ப்பதும் பார்ப்பதுதானே?" என்ற ராஜா, ஒரு தேக்கிலையால் மயிலின் கண்களைக் கட்டினார். "எங்கே, இப்போது நீ தேன் வாங்கு."

மயில் தடவித் தடவி ஓரிடத்தைத் தொட்டது. அந்தப் படத்துக்கு உரிய பானையிலிருந்து ராஜா ஓர் உருண்டை எடுத்து அதன் வாயில் போட்டார். வேப்பங்கொழுந்து விழுது! மயிலின் முகம் போன போக்கைப் பார்த்துச் சந்தையே சிரித்தது.

ராஜா தேன் பானையை மூஞ்சூறிடம் கொடுத்தார். பிறகு கடையைப் பூட்டினார்.

"எல்லாம் மைனாவின் வேலை!" என்று மயில் கத்தியது. "அதுதான் இந்த மூஞ்சூறை ஏவிவிட்டது!"

"ஆமாம், மைனா அக்காதான் என்னை அனுப்பினாள்," என்றது மூஞ்சூறு. "அவள் கடையில் தேன் தீர்ந்துவிட்டது. 'மயிலண்ணாவிடம் நல்ல தேன் இருக்கும், அங்கே போ' என்று சொல்லி அனுப்பினாள்."

அன்றுதான் மயில் முதல்முறையாக எதிர்க்கடையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டது.

நீதி: பொறாமைப்பட்டு எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தன் வாசலில் வந்து நிற்பவர் தெரிவதில்லை.