மூக்காயியும் தண்ணிப் பூட்டும்

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு பெரிய மண்மேடு இருந்தது. மேட்டுக்குள் ஏழெட்டு வளைகள். ஒவ்வொரு வளையிலும் தண்ணீர் போக ஓர் ஓட்டை. எல்லா ஓட்டைகளும் உள்ளுக்குள்ளேயே ஒரே வாய்க்காலில் சேர்ந்து, மேட்டுக்குப் பின்னால் இருந்த சேற்றுக்குட்டையில் போய் விழும். எத்தனை மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டுத் தேங்காது. அப்படி ஒரு சொகுசான குடியிருப்பு!

அந்தச் சொகுசுக்குள் ஒரு நாள் நாற்றம் புகுந்தது.

சாதாரண நாற்றமா அது? அழுகின முட்டையும் ஊறின இலையும் கல்யாணம் பண்ணிக்கொண்டு குடித்தனம் நடத்துகிற நாற்றம்! தேரை பானையம்மா பூச்சி பிடிக்க வாயைத் திறந்தாள். பூச்சிக்கு முன்னால் நாற்றம் உள்ளே போனது. ஓணான் ஆமாஞ்சாமி குளக்கரையில் இழுத்த மூச்சை வீட்டுக்குள் போய்த் தூங்கி எழுந்து, மறுபடி குளக்கரைக்கு வந்துதான் விட்டான்.

மூன்று நாள் பொறுத்தார்கள். பிறகு எல்லாக் கண்களும் ஒரே வாசலைப் பார்த்தன. அது மூஞ்சூறு மூக்காயியின் வாசல்.

மூக்காயிக்கு ஒரு வாடை உண்டு. மூஞ்சூறாகப் பிறந்தால் அது கூடவே பிறக்கும். அவளும் அதை மறைத்ததில்லை. அவளுக்கு ஆறு குட்டிகள். வெளியே கிளம்பினால் முதல் குட்டி அம்மாவின் வாலைக் கவ்வும். இரண்டாவது, முதல் குட்டியின் வாலைக் கவ்வும். இப்படியே ஆறும் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போகும்.

மேட்டுக்குத் தலைவர் முள்ளம்பன்றி வேலப்பன். சுத்தம் என்றால் அவர், அவர் என்றால் சுத்தம். இதைச் சொன்னது வேறு யாருமில்லை, அவரேதான். அவர் முள்ளைச் சலசலவென்று சிலிர்த்துக்கொண்டு கூட்டத்தின் நடுவில் வந்து நின்றார்.

"யார் வாசல் முன்னாடி அதிகமா நாறுது? மூக்காயி வாசல் முன்னாடி! இதுக்கு மேல விசாரணை வேணுமா?"

"வேணாம், வேணாம்!" என்று தலையை ஆட்டினான் ஆமாஞ்சாமி.

"அண்ணே, என் வாசலுக்கு நேர் எதிரேதான் உங்க வாசல்" என்றாள் மூக்காயி. "அங்கயும் இதே அளவு நாறுமே?"

"என் வீட்டுலயா? என் விருந்தாளி அறைத் தரையில முகம் பாக்கலாம், தெரியுமா?"

"பாக்கலாம், பாக்கலாம்!" என்றான் ஆமாஞ்சாமி. அந்தத் தரையை அவன் கனவில்கூடப் பார்த்ததில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள நீ மேட்டை விட்டுக் கிளம்பணும். அவ்வளவுதான்!" என்றார் வேலப்பன்.

மூக்காயி வானத்தைப் பார்த்தாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. புல்லுக்குள் சாரைப்பாம்பு சுற்றுகிற நாள்கள் வேறு. குட்டிகளுக்கு இப்போதுதான் கண் திறந்திருக்கிறது. இந்த ரயிலை ஓட்டிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

அந்த நேரம் பார்த்து மூன்றாவது குட்டி வாயைத் திறந்தது. "அம்மா, நாமதான் நாறுறோமா?"

வாயைத் திறந்ததும் வால் நழுவியது. அதையும் சேர்த்துக் கடைசி நாலு பெட்டிகளும் தடம் மாறிப் போய்ப் பானையம்மாவின் வயிற்றில் முட்டிக்கொண்டு நின்றன. கூட்டம் கொல்லென்று சிரித்தது. மூக்காயி சிரிக்கவில்லை.

"அண்ணே, பொழுது சாயறதுக்குள்ள நாற்றம் வர்ற இடத்தை நான் காட்டிட்டா?"

"நீயா? உன் வாடையே உன் மூக்கை அடைச்சிருக்குமே!"

"என் மூக்கை நம்ப வேணாம். உங்க மூக்கே சொல்லும். அப்ப ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்குவோம், ஒத்துக்குவோம்!" என்று ஆமாஞ்சாமி பழக்கதோஷத்தில் தலையை ஆட்டிவிட்டான். தலைவரால் மறுக்க முடியவில்லை.

மூக்காயி குட்டிகளைக் கோத்துக்கொண்டு மேட்டுக்குப் பின்னால் ஓடினாள். வாய்க்கால் வந்து விழும் இடத்தில் கொத்தனார் நண்டு சேற்றில் சாய்ந்து கிடந்தார். மேட்டில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையும் அவர் கொடுக்கால் தோண்டியதுதான்.

"கொத்தனாரே! வாய்க்கால் எங்கயாவது அடைச்சிருக்கா?"

"அடைப்பா? காதைத் தீட்டிக் கேளு. தண்ணி எப்படிக் கொட்டுது! அடைச்சிருந்தா உங்க வீட்டுக்குள்ள தண்ணி ஏறியிருக்கும். ஏறுச்சா?"

"இல்லியே."

"அப்ப அடைப்பு இல்ல. எவன் வீட்டுலயோ பூட்டு போயிருக்கு."

"பூட்டா? என்ன பூட்டு?"

நண்டு பக்கவாட்டில் நாலு அடி வைத்துச் சேற்றில் ஒரு கோடு போட்டார். கோடு கீழே இறங்கி, ஒரு குழியில் வளைந்து, மறுபடி மேலே ஏறி இறங்கியது.

"ஒவ்வொரு ஓட்டைக்கும் அடியில இப்படி ஒரு வளைவு வெச்சிருக்கேன். ஊத்தற தண்ணி எல்லாம் ஓடிப் போனாலும், இந்தப் பள்ளத்துல ஒரு வாய்த் தண்ணி நிக்கும். குட்டை நாற்றம் வாய்க்கால் வழியா ஏறி வரும். இந்தத் தண்ணியில வந்து முட்டும். முட்டிட்டு, வந்த வழியே திரும்பிடும். இதுக்குப் பேருதான் தண்ணிப் பூட்டு."

"தண்ணியே ஊத்தலைன்னா?"

"காஞ்சிடும். பூட்டு திறந்துக்கும். அப்புறம் குட்டை மொத்தமும் வீட்டுக்குள்ள குடிவந்துடும்!"

"எந்த வீட்டுப் பூட்டு காஞ்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இங்கேருந்து பாத்தா எல்லாம் ஒரே இருட்டும்மா."

மூக்காயி மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நாற்றம் ஏறுகிற வழியில் வாசனையும் ஏறத்தானே வேண்டும்? குட்டையின் ஓரத்தில் ஒரு தாழம்புதர் பூத்திருந்தது. நண்டு கொடுக்கால் ஒரு மடலை நறுக்கினார். மூக்காயி அதைக் கடித்துக் கசக்கி வாய்க்காலின் வாய்க்குள் திணித்தாள். குட்டைப் பக்கக் காற்று அந்த வாசனையை உள்ளே தள்ளிக்கொண்டு போனது.

பிறகு மேட்டின் உச்சியில் ஏறி நின்று, கீச்சுக் குரலில் கூவினாள்.

"எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஓட்டையில மூக்கை வெச்சுப் பாருங்க! யார் வீட்டுல நல்ல வாசம் வருதோ சத்தமாச் சொல்லுங்க!"

வாசமா! முதலில் ஓடியது வேலப்பன்தான். முதலில் தன் வீட்டுக்கு அல்ல, மூக்காயியின் வீட்டுக்கு. ஓட்டையில் மூக்கை வைத்து உறிஞ்சினார். ஒன்றும் வரவில்லை. நாற்றமும் வரவில்லை. சப்பென்று ஆகிவிட்டது அவருக்கு.

"க்ர்ர்ர்! என் வீட்டுல வெறும் தண்ணி வாடைதான்!" என்றாள் பானையம்மா.

"எனக்கும் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என்றான் ஆமாஞ்சாமி.

வேலப்பன் தன் வீட்டுக்குள் போனார். அவர் வீட்டு ஓட்டை விருந்தாளி அறைக்குள் இருந்தது. அடுத்த நொடி மேடே அதிரும்படி ஒரு சத்தம்.

"ஆகா! தாழம்பூ! என் விருந்தாளி அறைக் கதவு இடுக்குல தாழம்பூ மணக்குது! சம்பந்தி வந்து தங்கப்போற அறை வேற எப்படி மணக்கும்? வந்து மோந்து பாருங்க! மூணு நாள் நாற்றத்தையும் மீறி மணக்குது!"

எல்லாரும் வந்து மோந்து பார்த்தார்கள். உண்மைதான். நாற்றமும் வந்தது, நடுநடுவே பூவும் மணந்தது.

"இந்த வாசம் உங்க வீட்டுல மட்டும்தானா அண்ணே? நல்லாச் சொல்லுங்க" என்றாள் மூக்காயி.

"என் வீட்டுல மட்டும்தான்! இந்த மேட்டுல வேற எவன் வீட்டுக்கும் அந்தக் கொடுப்பினை இல்ல!"

"அந்தப் பூவை நான்தான் வெச்சேன்."

"எங்க வெச்சே?"

"சாக்கடை வாயில."

வேலப்பனின் முள் ஒவ்வொன்றாகப் படுத்தது.

"சாக்கடையில வெச்ச பூ உங்க வீட்டுல மணந்தா, சாக்கடை யார் வீட்டுல மணக்கும் அண்ணே?"

கதவைத் திறக்கச் சொன்னார்கள். திறப்பது லேசாக இல்லை. தாழ்ப்பாளுக்குப் பதில் பதினாறு முள் சொருகியிருந்தது! ஒவ்வொன்றாக உருவி முடித்து உள்ளே போனார்கள். தரையில் முகம் தெரிந்தது, அதில் பொய்யில்லை. ஓட்டையில் மட்டும் ஈரமே இல்லை. உள்ளே ஒரு சிலந்தி வலை கட்டிக் குடியிருந்தது.

"ஐயா, இங்க தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு?" என்றார், மூக்காயியோடு வந்திருந்த நண்டு.

"மூணு மாசம்! ஏன்யா, நீதானே சொன்னே, 'பூட்டு திறந்துக்காமப் பாத்துக்கங்க, திறந்தா நாற்றம் வந்துடும்'னு! நானும் கதவைப் பூட்டி வெச்சேன். மூணு நாளைக்கு முன்னாடி நாற்றம் வந்துச்சு. பூட்டு பத்தலைன்னு இன்னும் எட்டு முள்ளைப் பிடுங்கிச் சொருகினேன்! பாரு, முதுகு வழுக்கையாப் போச்சு!"

நண்டு மல்லாக்க விழுந்து எட்டுக் காலையும் உதைத்துக்கொண்டு சிரித்தார். "தண்ணிப் பூட்டைச் சொன்னா கதவைப் பூட்டியிருக்காரே மகராசன்!"

மூக்காயி சிரட்டை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஓட்டையில் ஊற்றினாள். களக், களக் என்று இறங்கி, தண்ணீர் வளைவில் நின்றது. கொஞ்ச நேரத்தில் நாற்றம் குறைந்தது. பிறகு இல்லவே இல்லை.

"அட! பூ வாசமும் கூடவே நின்னுடுச்சே!" என்றாள் பானையம்மா.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முதல் தூறல் மேட்டின் மேல் படபடவென்று விழுந்தது. வேலப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"மூக்காயி, மழை வருது. குட்டிங்களைக் கூட்டிட்டு உன் வீட்டுக்குள்ள போம்மா. தப்பு என்னோடதுதான்."

"எனக்கு வாடை உண்டு அண்ணே. அது என்னோடது, நான் சுமந்துக்கறேன். குட்டையோட நாற்றத்தையும் சேர்த்து என் முதுகுல ஏத்தாதீங்க."

அவள் வாலை நீட்டினாள். ஆறு குட்டிகளும் கவ்விக்கொண்டு உள்ளே போயின. எதிர் வீட்டில் வேலப்பன், வராத சம்பந்தியின் அறையில் இன்னொரு சிரட்டைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஒருவரிடம் ஒரு குறை இருக்கிறது என்பதற்காக ஊரில் உள்ள எல்லாக் குறைகளையும் அவர் தலையில் கட்டுகிறவர்களுக்கு, தங்கள் வீட்டு ஓட்டை கடைசிவரை கண்ணில் படாது.