மர்மோட்டின் சீழ்க்கை

கழுகும் காட்டாடும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது இமயமலையில், மரம்கூட முளைக்காத உயரத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில், யாங்டோல் என்ற மர்மோட் குடியிருந்தாள். மர்மோட் வளை தோண்டி வாழும் பிராணி. அணிலுக்குச் சொந்தம்தான், ஆனால் பூனையைவிடப் பருமன். யாங்டோலுக்கு மூன்று குட்டிகள்.

அவள் இனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வந்தாலும், காய்ந்த புல் பரப்பிய கதகதப்பான உள்ளறையை அவருக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் வாசலறைக்கு மாறிக்கொள்வார்கள். வந்தவர் தானாகக் கிளம்பும்வரை "போ" என்ற சொல் வாயில் வரக்கூடாது. குளிரில் கணவாய் தாண்டி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்காக ஏற்பட்ட வழக்கம் அது. நல்ல வழக்கம்தான். வேடிக்கை பார்க்க வருகிறவனைப் பற்றி முன்னோர்களுக்கு என்ன தெரியும், பாவம்!

கல்சாங் என்ற மஞ்சள் மூக்குக் காக்கை இதை மோப்பம் பிடித்தான். சமவெளிக்குப் பறந்துபோய்க் குரங்குகளிடம் அளந்துவிட்டான்.

"பனியில சறுக்கலாம், சும்மாவே தங்கலாம், நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க தின்னு மிச்சம் வச்சா எனக்குப் போதும்."

வைகாசியில் குரங்குக் கூட்டம் வந்து சேர்ந்தது. யாங்டோல் உள்ளறையை ஒழித்துக் கொடுத்தாள். குட்டிகள் பனிச்சரிவின் அடியில் இருந்த வாசலறையில் சுருண்டுகொண்டன.

வந்த பெருமக்களின் லட்சணத்தைக் கேளுங்கள். புல் முதுகில் குத்துகிறது என்று சிணுங்கினார்கள். ஊருக்கே குடிநீரான ஊற்றில் பழத்தோலைப் போட்டு, அதிலேயே கால் கழுவினார்கள். இங்கே வாழைப்பழம் கிடைக்காதா என்று முகம் சுளித்தார்கள். யாங்டோல் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்தாள்.

ஒன்றை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. வளைக்கு மேலிருந்த சரிவில், வெயில் ஏறிய பிறகு மலைக்காரர் யாரும் கால் வைக்க மாட்டார்கள். இளகிய பனி எந்த நேரத்தில் பிளக்கும் என்று சொல்ல முடியாது. குரங்குகளோ அங்கேதான் கூச்சல் போட்டுச் சறுக்கினார்கள்.

அவள் குரங்குத் தலைவனிடம் போனாள். "ஐயா, காலையில விளையாடுங்க. வெயில் ஏறினா வேணாம். கீழே என் பிள்ளைங்க இருக்காங்க."

"கொஞ்சம் பயமா இருந்தாத்தானே அம்மா ஜாலி! அதுக்குத்தானே இவ்வளவு தூரம் ஏறி வந்தோம்" என்று சிரித்தான் அவன்.

அவள் காக்கையைத் தேடிப் பிடித்தாள். "கல்சாங், இவங்களைக் கீழே கூட்டிட்டுப் போயிடுப்பா."

"என்னக்கா நீங்க! விருந்தாளி மனசு கோணலாமா? உங்க இனத்துக்கே அவமானம் இல்லையா?" என்றான் கல்சாங், யாரோ எறிந்த கொட்டையைக் கொத்தியபடி.

அந்த அவமானம் என்ற சொல் அவளை அடக்கிப் போட்டது. தொண்டைவரை வந்த "போ"வை விழுங்கிக்கொண்டு, குட்டிகளுக்கு இடம் கேட்க அடுத்த வளைக்கு நடந்தாள். சொந்த வீடு இருக்கும்போதே பெற்ற பிள்ளைகளுக்கு இரவல் இடம் தேட வேண்டியிருந்தது. என்ன அநியாயம் இது!

அவள் பாதி வழி போவதற்குள் குரங்குகள் அத்தனை பேரும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகச் சறுக்கினார்கள். சரிவு பிளந்தது. குரங்குகள் பக்கத்துப் பாறைக்குத் தாவித் தப்பிவிட்டார்கள். பனி வாசலறையின் மேல் போய் விழுந்தது.

யாங்டோல் நகம் பிய்யத் தோண்டினாள். இரண்டு குட்டிகள் மூச்சோடு வந்தன. கடைக்குட்டியிடம் மூச்சு இல்லை.

"அடேயப்பா, என்ன ஒரு காட்சி!" என்றான் பாறைமேல் இருந்த குரங்குத் தலைவன். "ஏம்ப்பா காக்கா, நாளைக்கும் இப்படி விழுமா?"

"பார்த்துச் செய்யலாங்க" என்றான் கல்சாங்.

யாங்டோல் பின்னங்கால்களில் எழுந்து நின்றாள். செத்த குட்டியை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, விழுங்கி வைத்திருந்த அந்தச் சொல்லை வெளியே விட்டாள். அது சொல்லாக வரவில்லை. காதைக் கிழிக்கும் ஒற்றைச் சீழ்க்கையாக வந்தது. பள்ளத்தாக்கின் மர்மோட்டுகள் எல்லோருக்கும் அதன் பொருள் விளங்கியது. வளைக்குள் ஓடி, உள்ளிருந்தே மண்ணாலும் கல்லாலும் வாசலை அடைத்தார்கள். தங்க ஓர் அறைகூட இல்லாமல், குளிர் கடிக்கத் தொடங்கியதும், "மரியாதை தெரியாத மலை" என்று திட்டிக்கொண்டே குரங்குகள் இறங்கிப் போனார்கள். வெட்கம் கெட்டவர்கள்!

அந்த வைகாசிக்குப் பிறகுதான், ஆள் வருவது தெரிந்தால் மர்மோட் நிமிர்ந்து நின்று, கைகளை மார்பில் சேர்த்து, ஒரு சீழ்க்கை அடித்துவிட்டு வளைக்குள் மறைகிறது. பையும் கேமராவுமாக ஏறுகிறவர்கள், "பாரு பாரு, நம்மளைக் கும்பிட்டு வரவேற்குது!" என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது கும்பிடவில்லை, ஐயா. கையில் இல்லாத பிள்ளையை இன்னும் அணைத்துக்கொண்டு, உங்களைப் போகச் சொல்கிறது.