தொட்டிக்கு முதுகு காட்டிய நாற்காலி

சிஷ்யருக்கு வயது அறுபத்தாறு. குருவுக்கு முப்பத்தொன்பது. குருவுக்குத் தான் குரு என்பதே தெரியாது. கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ஜெசிந்தா என்று மட்டும்தான் தெரியும்.

சிஷ்யர் தணிகாசலம், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழாயில் லேசாகப் பழுப்பு தெரிந்தாலே அவருடைய தொலைபேசி அலறும். அந்தப் பயம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. ஓட்டலில் தண்ணீர் வைத்தால், டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் குடிக்க மாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, "கறுப்புத் தண்ணித் தொட்டி வைக்கணும்மா" என்றார்.

ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கா சார்?"

"என் பொண்ணுக்கு."

பெண்ணின் பெயர் மஞ்சரி. பெங்களூரில் கட்டிக்கொடுத்த பெண். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவள், தன் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன நடந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. மனைவியும் இல்லாத வீட்டில், கதவுக்கு இந்தப் பக்கம் தணிகாசலம் தவித்தார்.

போன வாரம் தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தவள், கைபேசியில் ஓடிய வீடியோவை அவர் பக்கம் நீட்டினாள். "அரிசி சைஸ்ல மீன்ப்பா. டீ மாதிரி தண்ணியில."

நான்கு மாதத்தில் அவளாகப் பேசியது அதுதான். தணிகாசலம் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அதற்குள் கதவு மூடிவிட்டது.

ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மணல், ஒரு வேர்க்கட்டை, நிழலில் வளரும் நாலைந்து செடி, எல்லாம் எடுத்து வைத்தாள். கடைசியாகக் காய்ந்த வாதாங்கொட்டை மர இலையில் ஒரு கட்டு.

"இதைக் கொதிக்க வெச்சுப் போடுங்க. மூணு வாரம் ஊறட்டும். அப்புறம் வந்து மீனை வாங்கிட்டுப் போங்க."

தணிகாசலம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். குறித்தபடியே செய்தார். மூன்று வாரம் கழித்து எட்டு மீன்களை வாங்கிக்கொண்டு போனார். மிளகாய்ப்பழ நிறத்தில், நகக்கண் அளவு மீன்கள்.

ஐந்தாம் நாள் கடைக்குத் தொலைபேசி வந்தது.

"மீன் வெளிய வர மாட்டேங்குதும்மா. வெளிய வர வைக்க என்ன செய்யணும்?"

"தண்ணி எப்படி இருக்கு?"

"பளிங்கு மாதிரி இருக்கு" என்றார் தணிகாசலம். குரலில் பெருமை வழிந்தது.

"நானே வந்து பாக்கறேன் சார்."

சாயங்காலம் வந்தாள். கூடத்தில், மஞ்சரியின் அறைக் கதவை ஒட்டித் தொட்டி இருந்தது. மேலே புதிதாக வாங்கிய விளக்கு கண்ணைக் கூச வைத்தது. மீன்கள் வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக் கிடந்தன. சிவப்பு போய் வெளிறியிருந்தன.

"எட்டு விட்டேன். அஞ்சுதான் தெரியுது. மணிக்கொரு தடவை டார்ச் அடிச்சு எண்ணறேன். கண்ணாடியைத் தட்டிக்கூடப் பாத்துட்டேன்."

"இலை கொதிச்ச தண்ணி எங்க சார்?"

"கொட்டிட்டேன். பழுப்பா இருந்தது."

"எத்தனை தடவை கொட்டினீங்க?"

"தெளியற வரைக்கும். ஏழு தடவை."

காப்பி போடச் சொன்னால் டிகாஷனைக் கொட்டிவிட்டுத் தூளைப் பத்திரப்படுத்திய மனிதர்! ஜெசிந்தா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மிச்சம் மீதி ஊறிய நிறத்தையும் அவர் வடிகட்டிக்குள் போட்டிருந்த கரி தின்று தீர்த்திருந்தது.

அதற்குள் தணிகாசலம் மகளின் கதவைத் தட்டினார். "மஞ்சு, வெளிய வாம்மா. கடைக்காரம்மா வந்திருக்காங்க பாரு."

மறுபடி தட்டினார். "அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போயேன். நாள் பூரா உள்ளேயே கிடந்தா எப்படி?"

கதவுக்குக் கீழே தெரிந்த வெளிச்சக் கோடு அணைந்தது. ஜெசிந்தா அதைப் பார்த்தாள். சமையலறைக்குப் போய் இலையைக் கொதிக்க வைத்தாள்.

ஆறிய சாற்றை அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் விட்டபோது, தணிகாசலத்தால் நின்று பார்க்க முடியவில்லை. எங்கோ தொலைபேசி அலறுவது போலவே இருந்தது.

"கலங்கிப் போச்சேம்மா!"

ஜெசிந்தா ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள். பழக்க தோஷம், அவர் கை தானாக அதை வெளிச்சத்தில் தூக்கியது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவருடைய விரல் ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன.

நிலையத்தில் கலங்கலுக்கு ஒரு பரிசோதனை, நிறத்துக்கு ஒரு பரிசோதனை. இரண்டும் வேறு வேறு என்று வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் பாடம் எடுத்தார். டம்ளரை மெல்லக் கீழே இறக்கினார்.

ஜெசிந்தா கரிப் பையை எடுத்து வெளியே போட்டாள். விளக்கை அணைத்தாள். தொட்டியின் பின்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டினாள். பிறகு கூடத்தில் இருந்த பிரம்பு நாற்காலியை இழுத்தாள்.

தொட்டியைப் பார்த்துப் போடுவாள் என்று நினைத்தார். அவள் அதை பால்கனிப் பக்கம் திருப்பிப் போட்டாள். தொட்டியும் மகளின் கதவும் இப்போது நாற்காலிக்கு முதுகுப் பக்கம்.

"தினம் சாயங்காலம் இதுல உக்காந்து பேப்பர் படிங்க."

"மீனு?"

"மீனைப் பாக்க வேணாம்."

"எண்ண வேணாமா?"

"வேணாம். காலையில ஒரு துளி தீனி போட்டுட்டு நகந்துடுங்க."

"மிச்சமும் செத்துப் போச்சுன்னா எப்படித் தெரியும்?"

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டாள். "எண்ணினதால எதாவது பிழைச்சதா சார்?"

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. வாசல் வரைக்கும் போய் வழியனுப்பக்கூட மனசு வரவில்லை. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதுகு காட்டி உட்காருவது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. முதல் மூன்று நாள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். நாலாம் நாள் குறுக்கெழுத்தில் இறங்கினார். கதவைத் தட்டக் கை பரபரக்கும்போதெல்லாம் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார். தட்டு காலியாகி வந்து சேர்ந்தது. அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள், பின்னால் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

காலடி வந்தது. தொட்டியருகே நின்றது. அவருடைய கழுத்து நரம்பெல்லாம் திரும்பு திரும்பு என்றது. அவர் குறுக்கெழுத்தில் பதினாலாம் கட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஏழு இருக்கு" என்றாள் மஞ்சரி.

"அப்படியா?" என்றார்.

"நல்ல சிவப்பா இருக்குப்பா. இலைக்கு நடுவுல திரியுது."

அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கப் போனார்.

"திரும்பாதீங்கப்பா."

அப்படியே உட்கார்ந்தார்.

அவள் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்து, பெங்களூர் வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த வீட்டில் எந்த அறைக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது என்பதில் தொடங்கினாள். பாதியில் அழுதாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாளும் கொஞ்சம் சொன்னாள். அதற்கடுத்த நாள் கதவு திறக்கவில்லை. அதற்கும் அடுத்த நாளும் திறக்கவில்லை.

தணிகாசலம் விடிந்ததும் விடியாததுமாகக் கொளத்தூருக்கு ஓடினார். ஜெசிந்தா அப்போதுதான் கடையைத் திறந்து தொட்டிகளின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேசினாம்மா. பாதிதான் சொன்னா. மறுபடி கதவைச் சாத்திக்கிட்டா. நான் திரும்பக்கூட இல்ல. என்ன தப்பு பண்ணேன்?"

"மீன் எப்படி இருக்கு?"

"நல்லாதான் இருக்கு. சில நாள் வெளிய திரியுது. சில நாள் இலைக்கு அடியிலேயே இருந்துக்குது."

ஜெசிந்தா துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். காய்ந்த இலையில் ஒரு கட்டு எடுத்து நூல் சுற்றி அவரிடம் கொடுத்தாள். தணிகாசலம் அதை வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா நான் அப்படியே உக்காந்திருக்கணும்?"

"நாற்காலி சௌகரியமா இருக்கா சார்?"

"முதுகுதான் கொஞ்சம் வலிக்குது."

"ஒரு தலையணை வெச்சுக்குங்க" என்றாள் ஜெசிந்தா.