குறையாத ரசாயனம்

மலைமேல் ஒரு மூளை ஆய்வகம் இருந்தது. வருடத்தில் பாதி நாள் மேகம் அதன் ஒரு ஜன்னல் வழியே வந்து இன்னொரு ஜன்னல் வழியே போகும். மனச்சோர்வு நோய் எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சியை நடத்திய ஆசிரியை பெயர் நசீமா. மனநல மருத்துவர். வயது நாற்பத்தொன்று. அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்திருந்த பூவராகனுக்கு ஐம்பத்து நான்கு. அவரும் மனநல மருத்துவர்தான். சமவெளியில் ஓர் அரசு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர்.

அந்த இருபத்திரண்டு வருடமும் அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது.

“மூளையில ஒரு ரசாயனம் குறைஞ்சுபோச்சு. செரட்டோனின்னு பேரு. இந்த மாத்திரை அதை நிரப்பிடும். அவ்வளவுதான்.”

எத்தனை ஆயிரம் பேரிடம் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. சொன்னதும் எதிரே இருப்பவரின் தோள் கொஞ்சம் இறங்கும். கூட வந்தவர்கள் குறை சொல்வதை நிறுத்துவார்கள்.

சவரிமுத்து என்று ஒரு பஸ் கண்டக்டர். மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர். வாக்கியத்தைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினார்.

“அப்ப நான் சோம்பேறி இல்லையாய்யா?” என்றார்.

“இல்லை.”

அதற்குத்தான் சவரிமுத்து அழுதார். ஆறு வாரம் கழித்து, காக்கிச் சட்டையோடு வந்து மாத்திரை வாங்கிப் போனார்.

அந்த ஆறு வாரம்தான் பூவராகனை மலையேற வைத்தது. மாத்திரையை விழுங்கினால் சில மணி நேரத்தில் ரசாயனம் கூடிவிடுகிறது. மனம் எழுந்திருக்க மட்டும் ஆறு வாரம் ஏன்? விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். முதல் நாளே நசீமாவிடம் இதைக் கேட்டார். நசீமா அலமாரியைத் திறந்து அவர் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் வருடம், நோயுள்ளவர்கள் நூறு பேர், இல்லாதவர்கள் நூறு பேர், எல்லாருடைய முதுகுத்தண்டு நீரிலும் அந்த ரசாயனம் விட்டுச்செல்லும் தடயத்தைப் பூவராகன் தன் கையால் அளந்தார். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

நோயாளிகளுக்கு எதுவும் குறைந்திருக்கவில்லை.

மூன்று முறை அளந்தார். அப்போதும் குறையவில்லை. மற்ற ஊர்களிலும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். படித்திருந்தார். படிப்பது வேறு, தானே அளந்து பார்ப்பது வேறு.

அன்று அறைக்குப் போனதும் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். அவரும் ஏழு வருடமாக அந்த மாத்திரையைச் சாப்பிட்டுவந்தார். அவரே தனக்கு எழுதிக்கொண்டது. யாருக்கும் தெரியாது. ஊரில் இருந்த அவர் மனைவி வேதா அதை ரத்தக்கொதிப்பு மாத்திரை என்று நினைத்திருந்தார்.

இல்லாத குறைக்கு மருந்து எதற்கு என்று தோன்றியது.

நான்காம் நாளிலிருந்து கனவுகள் வந்தன. தூங்கும்போது மட்டும் இல்லை. மத்தியானம் நாற்காலியில் கண்ணை மூடினாலும் வந்தன. மேகத்துக்குள் ஒரு வரிசை நீளமாக நிற்கிறது. எல்லாரும் அவருடைய பழைய நோயாளிகள். ஆளுக்கொரு டம்ளர் நீட்டுகிறார்கள். அவர் கையில் ஒரு கூஜா. சாய்த்துச் சாய்த்து ஊற்றுகிறார். கூஜாவில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தலையசைத்துப் போகிறார்கள். வரிசையின் கடைசியில் ஒருவர் குனிந்து நிற்கிறார். அவர் நிமிர்வதற்குள் விழிப்பு வந்துவிடும்.

விழித்தபின்னும் தரை மிதப்பதுபோல இருந்தது. கண்ணைச் சட்டென்று திருப்பினால் தலைக்குள் மெல்லிய மின்சாரம் ஒன்று ஓடி மறைந்தது. எது கனவு, எது ஜன்னல் வழியே வந்த மேகம் என்று சில நேரம் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை சவரிமுத்து போன் செய்தார்.

“ஐயா, பேப்பர்ல ஒண்ணு போட்டிருக்கான். அந்த ரசாயனம் யாருக்கும் குறையறதே இல்லியாம். நீங்களும் அதைத்தானே ஆராய்ச்சி பண்றீங்க. நெசமா?”

பூவராகன் வாயைத் திறந்தார். வாக்கியம் வரவில்லை.

“என் மச்சான் சொல்றாரு, அப்ப மாத்திரையை விட்டுடுன்னு. விட்டுடலாமாய்யா?”

“சாயங்காலம் கூப்பிடறேன். அதுவரைக்கும் எதையும் விடாதீங்க.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கீழே நசீமா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க சார்.”

“குறையே இல்லைன்னா, நான் இருபத்திரண்டு வருஷமா எதை நிரப்பினேன்?”

நசீமா நிமிர்ந்தார். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நிறுத்தி எத்தனை நாளாச்சு?”

“எதை?”

“மாத்திரையை.”

பூவராகன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வாரமா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறீங்க. யாராவது கூப்பிட்டா கண்ணைத் திருப்பாம உடம்போட திரும்பறீங்க. எத்தனை நாள் சார்?”

“பன்னிரண்டு.”

“எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“நானேதான் எழுதிக்கிட்டேன்.”

நசீமா கையுறையைக் கழற்றினார். “வாங்க” என்று முன்னால் நடந்தார்.

ஆய்வுக்கு வரும் நோயாளிகளிடம் கேள்வி கேட்கும் அறை அது. இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு மேஜை. பூவராகன் பழக்கத்தில் தன் நாற்காலியை நோக்கிப் போனார். அதற்குள் நசீமா அதில் உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்தது நோயாளியின் நாற்காலி. பூவராகன் தயங்கிவிட்டு அதில் உட்கார்ந்தார். இரண்டு வருடமாக அந்த அறையில் வேலை செய்தவர், அங்கிருந்து ஜன்னல் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தார். ஜன்னல் முழுக்க வெள்ளையாக மேகம் நின்றது.

“தூக்கம் எப்படி இருக்கு?” என்று நசீமா கேட்டார்.

“மேடம், எனக்கு இந்தக் கேள்வி எல்லாம் மனப்பாடம்.”

“தெரியும். தூக்கம் எப்படி இருக்கு?”

“கனவா வருது.”

“பசி?”

“சாப்பிடறேன். ருசி தெரியலை.”

“பிடிச்ச காரியம் ஏதாவது செஞ்சீங்களா, இந்த வாரம்?”

அவர் யோசித்தார். “இல்லை.”

“இருந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுதா?”

ஆயிரக்கணக்கானவர்களிடம் அவர் கேட்ட கேள்வி. ஒருவர்கூட இதுவரை அவரிடம் அதைக் கேட்டதில்லை. பூவராகன் ஜன்னலைப் பார்த்தார். நசீமா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். மேகம் உள்ளே வந்து இருவருக்கும் நடுவில் கொஞ்சம் நின்று கலைந்தது.

“ஏழு வருஷம் முன்னாடி ஒரு நாள் விடிகாலையில, ஏரிக்கரையில ஸ்கூட்டரை நிறுத்திட்டு இறங்கினேன்” என்றார் பூவராகன். “செருப்பைக் கழட்டி வச்சேன். தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சு. அன்னிக்குத் திங்கட்கிழமை. ஓ.பி.யில கூட்டமா இருக்குமேன்னு ஒரு நினைப்பு வந்தது. திரும்பிப் போய் நூத்துப் பத்து பேரைப் பார்த்தேன். நூத்துப் பதினொண்ணாவதா எனக்கு எழுதிக்கிட்டேன்.”

“இப்போ?”

“நேத்து அந்த ஏரி ஞாபகம் வந்தது.”

நசீமா பேனாவை எடுத்து எழுதினார். பிறகு ஒரு சீட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இனிமே நான்தான் எழுதுவேன். பழைய அளவுக்கு நேராப் போக வேண்டாம். கொஞ்சமா ஆரம்பிக்கறோம். வாரத்துக்கு ரெண்டு தடவை இங்க வந்து உட்காரணும். சாயங்காலம் வீட்டுக்குப் பேசுவீங்கல்ல, உங்க மனைவிகிட்டயும் விஷயத்தைச் சொல்லிடுங்க.”

பூவராகன் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அந்தக் கண்டக்டர்கிட்ட நான் சொன்னது பொய்தானே மேடம்?”

நசீமா எழுந்து அவரை மறுபடி மைக்ராஸ்கோப்பிடம் அழைத்துப் போனார். ஒரு ஸ்லைடை வைத்தார். “இது மருந்து கொடுக்காத எலி.”

அவர் குனிந்து பார்த்தார். நரம்பணுவின் கிளை ஒன்று, இலையுதிர்ந்த கொம்புபோல மொட்டையாக இருந்தது.

நசீமா ஸ்லைடை மாற்றினார். “இது மூணு வாரம் மருந்து சாப்பிட்டது.”

அதே மாதிரிக் கிளை. அதன்மேல் நெடுகச் சின்னச் சின்ன முள் அரும்பியிருந்தது. பக்கத்துக் கிளையைத் தொடுவதற்குக் கொஞ்சம் இடம்தான் பாக்கி.

“நிரப்பின மாதிரி இருக்கா?”

“இல்லை. முளைச்ச மாதிரி இருக்கு.” அவர் கண்ணை எடுக்கவில்லை. “மாத்திரைதான் முளைக்க வச்சதா?”

“இந்த எலிக்கு, மருந்து கொடுத்தப்போ முளைச்சிருக்கு. அதுக்குமேல எனக்குத் தெரியாது.”

“மனுஷனுக்கு?”

“அதுவும் தெரியாது.”

சாயங்காலம் பூவராகன் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

“சவரி, நான் அன்னிக்குச் சொன்ன காரணம் சரியில்லை. அது குறையறதில்லை. நானே அளந்து பார்த்துட்டேன்.”

எதிர்முனையில் பஸ் ஸ்டாண்டின் இரைச்சலுக்கு மேல் சவரிமுத்துவின் குரல் வந்தது.

“அப்ப எனக்கு என்னதான்யா ஆச்சு?”

“முழுசாத் தெரியலை. யாருக்குமே இன்னும் முழுசாத் தெரியலை. ஆனா நீங்க எழுந்து வேலைக்குப் போனதை நான் பார்த்தேன்.”

“அப்ப நான் சோம்பேறிதானோ?”

“இல்லை” என்றார் பூவராகன். “நானும் அதே மாத்திரைதான் சாப்பிடறேன் சவரி. ஏழு வருஷமா.”

“நீங்களுமா?”

“பன்னிரண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன். இன்னிக்குத் திரும்ப ஆரம்பிச்சேன். உங்களுக்கு நிறுத்தணும்னு தோணினா, ஆஸ்பத்திரியில இப்ப இருக்கற டாக்டர்கிட்ட போங்க. அவங்க மெல்ல மெல்லக் குறைப்பாங்க. தனியா நிறுத்தாதீங்க. என்னை மாதிரி நிறுத்தாதீங்க.”

யாரோ ஒரு டிரைவர் ஹாரன் அடித்தார்.

“வண்டி எடுக்கறாங்கய்யா. நீங்க சாப்பிட்டீங்களா?”

“இனிமேதான்.”

“முதல்ல சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

பிறகு பூவராகன் வேதாவிடம் பேசினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் முதல் பஸ்ஸில் வேதா மலையேறி வந்துவிட்டார். ஏரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினார், ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு.

வாரத்துக்கு இரண்டு முறை பூவராகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நசீமா அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். கனவில் வரிசை சுருங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாம் வாரம் ஒருநாள் மத்தியானம், கடைசியில் நின்றவர் நிமிர்ந்தார். பூவராகனின் முகம்தான். அவரும் வாயைத் துடைத்துக்கொண்டு மேகத்துக்குள் நடந்து போனார்.

ஏழாம் வாரம் ஒரு காலை, வேதா போட்ட ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருப்பது பூவராகனுக்குத் தெரிந்தது. சொன்னார். வேதா கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று நாற்காலியில் உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். நசீமா எழுதிக்கொண்டார்.

“மாத்திரையா மேடம்? வேதா வந்ததா? சவரிகிட்ட சொன்னதா? இல்ல, நீங்க உட்கார வச்சுக் கேட்டதா?” பூவராகன் மேஜைமேல் சாய்ந்தார். “எது என்னை எழுப்பினது?”

நசீமா நோட்டை மூடினார்.

“தெரியலை சார். வெள்ளிக்கிழமையும் வாங்க, பார்ப்போம்.”